யூபிஐ விற்பனைக்கு 8% வேண்டாம், 6% போதும்

ஆடிட்டர் ஆண்டு விற்பனை முழுவதுக்கும் 8% லாபம் போட்டது சரியா என்று கேட்டிருந்தீர்கள். அப்படிக் காட்டத் தேவையில்லை. உங்கள் மாட்டுங்கா மளிகைக் கடையின் 1.80 கோடி விற்பனையில், யூபிஐ வழியாக வந்ததாகச் சொல்லும் 1.20 கோடிக்கு 44ஏடி பிரிவில் (விற்பனையில் ஒரு சதவீதத்தை லாபமாகக் கணக்கிடும் வருமான வரிப் பிரிவு) 6% போதும். ரொக்கமாக வந்த 60 லட்சத்துக்குத்தான் 8%.

அதாவது லாபம் 7.20 + 4.80 = 12 லட்சம். ஆடிட்டர் போட்டது 14.40 லட்சம். 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறையில் 12 லட்சம் வருமானம் வரை வரித் தள்ளுபடி உண்டு, வரியே வராது. 14.40 லட்சம் என்றால் செஸ்ஸோடு வரி 99,840 ரூபாய். இதை விட்டுவிடாதீர்கள்.

ஆடிட்டரிடம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் மட்டும் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அதில் ரொக்கம் எது, யூபிஐ எது என்று பிரித்துக் காட்டுவதில்லை. கடை கியூஆர் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். வீட்டுச் சேமிப்புக் கணக்கும் இருந்தால் அந்த ஸ்டேட்மென்டையும் சேர்த்து, ஏப்ரல் முதல் மார்ச் வரை யூபிஐயில் வந்த விற்பனைப் பணத்தைக் கூட்டி அவரிடம் கொடுங்கள். கல்லாப் பணத்தை நீங்களே வங்கியில் கட்டியது இதில் சேராது.

ஆனால் 6% என்பது குறைந்தபட்சம்தான். உண்மையான லாபம் கூடுதலென்றால் அதையே காட்ட வேண்டும். வங்கி வட்டி இருந்தால் 12 லட்சத்தைத் தாண்டிவிடும், கொஞ்சம் வரி வரும். அப்புறம், இடையில் 44ஏடியை விட்டு விலகினால் 5 ஆண்டுகளுக்குத் திரும்ப வர முடியாது.