1 எச்பி பம்புக்கு 10 ஆம்ப் வயர், 20 ஆம்ப் பிரேக்கரா? செந்தூல் வீட்டுக்கு சிங்கிள் ஃபேஸ் போதுமா?

1 எச்பி பம்புக்கு 10 ஆம்ப் வயர், 20 ஆம்ப் பிரேக்கர் என்று நெக் எனும் அமெரிக்க மின் வயரிங் விதிப்படி நீங்கள் போட்ட கணக்கில் பிழை இல்லை. அதன் அட்டவணையில் 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் 1 எச்பி மோட்டாருக்கு 8 ஆம்ப். வயருக்கு அதில் 125 சதவீதம், அதாவது 10. சாதாரண பிரேக்கருக்கு 250 சதவீதம் வரை போகலாம், அதாவது 20.

வயரை விடப் பிரேக்கர் பெரிதாக இருப்பதுதான் உங்களை உறுத்துகிறது. மோட்டார் சர்க்கியூட்டில் அந்தப் பிரேக்கரின் வேலை ஷார்ட் ஆனால் வெட்டுவது மட்டும். பம்ப் இறுகிப்போய் மெல்லச் சூடேறினால் அதை நிறுத்த ஓவர்லோட் ரிலே தனியாக உண்டு. மோட்டார் பிளேட்டில் எழுதிய ஆம்ப்பில் 115 அல்லது 125 சதவீதத்துக்குள் அதை வைப்பார்கள். வயரை அதிகச் சுமையிலிருந்து காப்பதும் அந்த ரிலேதான். ஏன் இப்படிப் பிரித்தார்கள்? மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். பிரேக்கர் சிறிதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் விழும்.

சரி, இதை அப்படியே கோலாலம்பூரில், உங்கள் செந்தூல் வீட்டில் போடலாமா? வேண்டாம். இங்கே எம்எஸ் ஐஇசி 60364 என்ற மலேசிய வயரிங் தரநிலையின் வழி: லோடு எடுக்கும் கரண்டுக்குக் குறையாத பிரேக்கர், பிரேக்கருக்குக் குறையாத வயர். உங்கள் பம்ப் பிளேட்டில் 6 ஆம்ப் என்று வைத்துக்கொள்வோம். கிளம்பும்போது 36 வரை போகும். பி டைப் 10 ஆம்ப் எம்சிபி (வீட்டுப் பெட்டியில் இருக்கும் சிறு பிரேக்கர்) 30க்கும் 50க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் உடனே விழலாம், அதனால் தொல்லைதான். சி டைப் 10 என்றால் 50க்கு மேல்தான். ஆகவே சி 10, வயர் 2.5 சதுர மில்லிமீட்டர். பம்புக்குள் தெர்மல் கட்டவுட், அதாவது அதிகம் சூடேறினால் மோட்டாரை நிறுத்தும் சாதனம், இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏர்கோனை 1 எச்பி, அதனால் 746 வாட் என்று கூட்டியிருக்கிறீர்கள். அந்த எச்பி குளிரூட்டும் அளவைச் சொல்லும் கடைப்பேச்சு, மணிக்குச் சுமார் 9,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு). எடுக்கும் வாட் எவ்வளவு என்று லேபிளில் பாருங்கள்.

உண்மையில் உங்கள் வீட்டில் மோட்டார் ஒரு பிரச்சினையே இல்லை, குளியலறை வாட்டர் ஹீட்டர்தான். 3.6 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் ஒன்றே 230 வோல்ட்டில் 15.7 ஆம்ப் எடுக்கும். (இன்னும் 240 என்று கணக்குப் போடுபவர்கள் நிறைய. 2008லேயே 230 ஆகிவிட்டது.) காலையில் இரண்டு பாத்ரூமிலும் ஒரே நேரத்தில் குளித்தால் 31 தாண்டும். அதோடு 2 கிலோவாட் கெட்டில் ஒன்று, ஓடும் ஏர்கோன் இரண்டு என்றால் நாற்பத்தைந்தைத் தாண்டிப் போய்விடும். வீட்டின் மொத்த லோடில் ஒரு பகுதியை முழுதாகவும் மீதியைக் குறைத்தும் எடுக்கும் அமெரிக்கச் சலுகைக் கணக்கு அந்த ஊர் வீடுகளுக்கானது. இங்கே யார் எப்போது குளிக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவதே எனக்குப் பிடித்த முறை.

மின்சாரம் தரும் டிஎன்பி நிறுவனம் சிங்கிள் ஃபேஸ் கொடுப்பது 12 கேவிஏ (வோல்ட்டை ஆம்ப்பால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்த அளவு) வரை, ஏறக்குறைய 52 ஆம்ப். இப்போதைக்கு உங்களுக்குப் போதும், ஆனால் நெருக்கம்தான். மூன்றாவது ஹீட்டரோ கார் சார்ஜரோ மனதில் இருந்தால் இப்போதே த்ரீ ஃபேஸுக்கு எழுதிப் போடுங்கள், சுவரை இரண்டு முறை உடைக்க வேண்டாம். விண்ணப்பமும் வயரிங்கும் சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற கான்ட்ராக்டர் வழியாகத்தான் போக வேண்டும். ஹீட்டர் லைனுக்கு 10 மில்லிஆம்ப் ஆர்சிடி (மின்கசிவு வந்தால் வெட்டும் சுவிட்ச்) தனியாகப் போடுகிறாரா என்று கேட்டுவிடுங்கள்.