பார்த்தவர் எல்லாம் வாக்காளர் இல்லை

கேள்வி: வலைப்பதிவும் யூடியூபும் வந்த பிறகும் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பது வீண்வேலைதானே? அமெரிக்காவில் ஒரு சின்ன வீடியோ ஒரு செனட்டரையே வீட்டுக்கு அனுப்பியது. ஒபாமாவை ஜெயிக்க வைத்ததும் இணையம்தான். நம் கட்சிக்காரர்களுக்கு இது எப்போது உறைக்கும்?
– வாசகர், விருதுநகர்

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டும் நடந்தவைதான். ஆனால் இரண்டிலும் பாதிக் கதையை விட்டுவிட்டீர்கள்.

முதலில் அந்தச் செனட்டர். 2006 ஆகஸ்ட் 11, வர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் பிரேக்ஸ் என்ற இடத்தில் பிரசாரக் கூட்டம். பேசியவர் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் ஆலன். எதிர்வேட்பாளர் ஜிம் வெப்பின் ஆளாக, மஞ்சள் சட்டை போட்ட 20 வயது மாணவர் ஒருவர் கேமராவோடு நிற்கிறார். எதிராளியின் கூட்டத்துக்கெல்லாம் போய்ப் பதிவு செய்கிற இந்த வேலைக்கு அங்கே 'டிராக்கர்' என்று பெயர். அவர் இந்திய வம்சாவளி. ஆலன் அவரைக் கைகாட்டி 'மகாகா' என்று இரண்டு முறை சொன்னார். அது ஒரு குரங்கினத்தின் பெயர். 'அமெரிக்காவுக்கு நல்வரவு' என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த மாணவர் பிறந்து வளர்ந்ததே வர்ஜீனியாவில்தான்.

அந்த வீடியோ ஏன் குத்தியது? அவமதிக்கப்பட்டவரே கேமராவைப் பிடித்திருந்தார். அதனால் ஆலன் நேராக லென்ஸைப் பார்த்துப் பேசுகிறார். பார்ப்பவர் தன் முகத்துக்கு நேரே சொன்னதாக உணர்கிறார். சூழலை மறைக்கும் வெட்டு ஒட்டும் இல்லை. டிராக்கர் வேலையின் விதியே இதுதான்: தலைவர் மேடையேறும்போது ஓடவிட்ட கேமராவை இறங்கும்வரை நிறுத்தக் கூடாது, தான் வாயைத் திறக்கக் கூடாது, மூலப் பதிவை அழிக்கக் கூடாது. நடுவில் ஒரு வாக்கியத்தை மட்டும் நறுக்கிப் போட்டிருந்தால், 'முன்னும் பின்னும் வெட்டிவிட்டார்கள்' என்று ஆலன் ஒரே நாளில் தப்பியிருப்பார்.

அடுத்தது, வெப் தரப்பு யூடியூபை மட்டும் நம்பவில்லை. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகைக்கும் அதைக் கொடுத்தது. பத்திரிகை அச்சிட்டது, தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது, ஆலன் மாற்றி மாற்றி விளக்கம் சொல்லிக் கடைசியில் மன்னிப்புக் கேட்டார். அத்தனைக்குப் பிறகும் வெப் ஜெயித்த வித்தியாசம் சுமார் 9,300 ஓட்டு, பதிவான 23 லட்சத்துச் சொச்சத்தில். ஈராக் போர் கசந்துபோயிருந்த ஆண்டு அது. போரை எதிர்த்த வெப், ரீகன் ஆட்சியில் கடற்படைச் செயலராக இருந்தவர். மகன் மரைன் படை வீரர். மகனின் போர்க்களப் பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டுதான் பிரசாரம் முழுக்க நடந்தார். அந்தப் பூட்ஸுக்கு ஓட்டு விழவில்லை, வீடியோவுக்கு மட்டும்தான் விழுந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இணையத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு, 2004 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்ற ஹோவர்ட் டீன் இருக்கிறார். 2003-இல் வலைப்பதிவு வைத்து, அதன் வாசகர்களையே தொண்டர்களாக்கிய முதல் பெரிய வேட்பாளர். மூன்றே மாதத்தில் 1.48 கோடி டாலர் திரட்டினார். 2004 ஜனவரி 19, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் முதல் சோதனை அயோவா மாநிலத்தில். 18 சதவீதத்தோடு மூன்றாம் இடம். அயோவாவில் அப்போது நடந்தது பொத்தான் அமுக்குகிற தேர்தல் இல்லை. குளிர்கால இரவில் அக்கம்பக்கத்தார் பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ கூடி, அவரவர் வேட்பாளருக்காக எழுந்து போய்த் தனித்தனிக் குழுவாக நிற்க வேண்டியிருந்தது. அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கூப்பிட வேண்டியிருந்தது. டீனுக்காகக் கதவைத் தட்டியவர்களோ வெளிமாநிலங்களிலிருந்து ஆரஞ்சுத் தொப்பியோடு வந்து இறங்கியவர்கள்.

அன்றிரவு மேடையில் பேசும்போது அவர் போட்ட கூச்சல்தான் அவரைக் கவிழ்த்தது என்பார்கள். கூச்சலுக்கு முன்பே தோற்றாயிற்று. அவர் கையிலிருந்தது வாயருகே வரும் குரலை மட்டும் வாங்கும் மைக். அரங்கத்தின் ஆரவாரம் பதிவிலேயே ஏறவில்லை. நேரில் நின்றவர்களுக்கு அவர் குரல் கேட்டதே அரிது. டிவியில் பார்த்தவர்களுக்கு வெறி பிடித்த மனிதர் தெரிந்தார். கூட்டத்தைப் படமெடுக்கிறவர்கள் கூட்டத்தின் பக்கம் இன்னொரு மைக் வைத்து இரண்டையும் கலக்க வேண்டும் என்பது இந்த ஒரு பதிவிலிருந்தே விளங்கும்.

இனி ஒபாமா. 2007 டிசம்பரில் அவருடைய இணையக் குழு முகப்புப் பக்கத்தை வைத்து ஒரு சோதனை செய்தது. மூன்று படம், மூன்று வீடியோ, நான்கு விதமான பொத்தான் வாசகம். மொத்தம் 24 சேர்க்கை. வந்த 3,10,382 பேருக்கும் அவற்றை மாற்றி மாற்றிக் காட்டினார்கள். எண்ணியது பார்வைகளை இல்லை, மின்னஞ்சல் முகவரி கொடுத்தவர்களை. வீடியோதான் ஜெயிக்கும் என்று குழுவே நினைத்திருந்தது. மூன்று வீடியோவும் மூன்று படங்களுக்கும் பின்னால் போயின. குடும்பப் படமும் 'மேலும் அறிக' என்ற பொத்தானும் சேர்ந்த பக்கம் முந்தியது. முன்பிருந்த பக்கத்தில் 8.26 சதவீதம் பேர் முகவரி கொடுத்தார்கள், இதில் 11.6. சேர வந்தவரை உட்காரவைத்துப் படம் காட்டினால், பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். என் கணிப்பு இது.

அப்படிச் சேர்ந்த பட்டியல் 1.3 கோடி முகவரியாக வளர்ந்தது. அதிலிருந்துதான் நன்கொடை வந்தது, தொண்டர் வந்தார். பிரசாரத் தளத்துக்குள் போன தொண்டருக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, பட்டியல்: அவர் தெருவுக்கு அருகே யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும், என்ன கேட்க வேண்டும், கிடைத்த பதிலை எங்கே குறிக்க வேண்டும் என்று.

நீங்கள் வீண்வேலை என்கிறீர்களே, ஒபாமாவின் இணையம் ஆள் சேர்த்து அனுப்பியது அந்த வேலைக்குத்தான்.