ஹென்றி தாஜ்ஃபெல் யார்? அவருடைய ஆய்வு திருகோணமலைக்குப் பொருந்துமா?

தாஜ்ஃபெல் 1919-இல் போலந்தில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். பிரான்சில் படிக்கும்போது இரண்டாம் உலகப் போர் வந்தது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் பிடிபட்டார். போலந்து யூதர் என்பதை மறைத்ததால் தப்பினார். வெளியே வந்தபோது குடும்பத்தில் பெரும்பாலானோர் உயிரோடில்லை. அப்புறம்தான் இங்கிலாந்து, உளவியல், 1967-இல் பிரிஸ்டலில் பேராசிரியர் பதவி.

1970-இல் வெளியிட்ட பரிசோதனைதான் பேர்போனது. பள்ளிப் பையன்களிடம் இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, "நீ இவர் ரசிகன், அவன் மற்றவர் ரசிகன்" என்று பிரித்தார். உண்மையில் சும்மா குருட்டாம்போக்கில் பிரித்ததுதான். பிறகு மற்றப் பையன்களுக்குக் காசு பங்கிடச் சொன்னார். வாங்குகிறவன் எந்த அணி என்பது மட்டும் தெரியும், யார் என்று தெரியாது; தனக்கும் அதில் பங்கில்லை. இருந்தும் தன் அணிக்கே சாய்ந்தார்கள். தம் அணிக்குக் கொஞ்சம் குறைந்தாலும் சரி, எதிரணியை விடக் கூட இருந்தால் போதும் என்றும் பலர் போட்டார்கள்!

நம்மூர்ப் பள்ளிகளில் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டியைப் பாருங்கள். இல்லத்தைப் பிள்ளையா தெரிவு செய்தது? ஆனாலும் தொண்டை கிழியக் கத்துவார்கள்.

திருகோணமலையின் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் உறவுக்கு இதை அப்படியே பொருத்துவது தப்பு என்பேன். இங்கே காணி, மொழி, போர் என்று நிஜக் காரணங்கள் உண்டு. அணி பிரிய அவ்வளவு பெரிய காரணம்கூடத் தேவையில்லை என்பதைத்தான் தாஜ்ஃபெல் காட்டினார்.