பத்து மெஷின் ஜாப் ஒர்க் யூனிட்டில் ஒரே இலக்கில் நிற்பது எப்படி?

கேள்வி: திருப்பூரில் 10 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளின் துணியைக் கூலிக்குத் தைப்பது) எடுக்கிறேன். டி-ஷர்ட், நைட்டி, பேபி செட் என்று வருவதையெல்லாம் தைக்கிறேன். ஆன்லைனிலும் கொஞ்சம் விற்கிறேன். எதிலும் நிலைத்து நிற்க முடியவில்லை. என்ன வழி?

பதில்:

மனசில் உறுதி இல்லை என்று உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். உங்களை அலைய வைப்பது சனிக்கிழமை சம்பளம். பில் பணம் கைக்கு வர 45 நாள், 60 நாள் ஆகிறது. டெய்லருக்கும் கைமடிக்கும் (டெய்லருக்கு உதவும் ஆள்) வாரம் தவறாமல் கொடுத்தாக வேண்டும். அதனால் வியாழக்கிழமை யார் பண்டலோடு (வெட்டிய துணிக் கட்டு) வந்தாலும் இறக்கி வைக்கத் தோன்றும். இந்த நெருக்கடியைத் தளர்த்தாமல் இலக்கைச் சுவரில் எழுதி ஒட்டுவதில் பயனில்லை.

டெய்லர், கைமடி எல்லாம் சேர்த்து 13 பேர், ஆளுக்கு வாரம் சராசரி 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வாரச் சம்பளம் 52,000. நான்கு வாரத்துக்கு 2,08,000. இந்தத் தொகை தனிக் கணக்கில் சேரும்வரை புது மெஷின் வேண்டாம், ஆன்லைன் விளம்பரமும் வேண்டாம். உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இல்லையென்றால் உடனே செய்யுங்கள். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து கணக்கு. எனவே பில்லில் உத்யம் எண், டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து, இரண்டும் கட்டாயம்.

அடுத்தது இலக்கு. "நல்லாத் தைச்சுக் குடுக்கணும்" என்பது இலக்கு ஆகாது. "90 நாள் ரவுண்ட் நெக் டி-ஷர்ட் மட்டும், தினமும் செக்கிங் தாண்டிய பீஸ் 450" என்பது இலக்கு. இந்த 450ஐ ஊகமாகப் போடக்கூடாது. லைனில் எந்த வேலை மெதுவாகப் போகிறதோ அங்கே வாட்சோடு நில்லுங்கள். பெரும்பாலும் கழுத்து ரிப் (இழுத்தால் விரியும் பட்டைத் துணி) பிடிக்கிற இடமாக இருக்கும். பத்து பீஸுக்கு நேரம் எடுத்துச் சராசரி பாருங்கள். 40 விநாடி வந்தால் மணிக்கு 90, எட்டு மணிநேரத்துக்கு 720. நூல் அறுவது, பண்டல் அவிழ்ப்பது, டீ எல்லாம் போக 60 முதல் 65 சதவீதம் கிடைக்கும். அதுதான் 450. தோள் பட்டை ஆள் 600 ஓட்டினாலும் மிச்சம் 150 கழுத்துக்காரர் முன்னால் குவிந்துதான் கிடக்கும். அந்த ஒரு இடத்தைச் சரிசெய்யாமல் மற்ற எங்கேயும் வேகம் கூட்டிப் பலன் இல்லை.

பீஸ் கணக்கில் இல்லாமல் நாள் கணக்கில் தருகிற ஷிப்ட் சம்பளத்தில் (வாரம் 52,000ஐ ஆறு நாளுக்குப் பிரித்து), 450 பீஸ் போனால் கூலி பீஸுக்குச் சுமார் 19 ரூபாய். 350க்கு இறங்கினால் 25ஐ நெருங்கும். ஐட்டம் மாற்றுகிற நாள்தான் இப்படி இறங்கும். சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பனியன் துணியிலிருந்து ஃபிலீஸ் என்கிற தடித்த துணிக்குப் போனால் ஊசி, நூல் டென்ஷன், டிஃபரன்ஷியல் ஃபீட் (துணியை மெஷின் இழுக்கும் அளவு) மூன்றையும் மாற்ற வேண்டும். திரும்ப ரிப்புக்கு வரும்போது ஃபீடைச் சரிசெய்ய மறந்தால் ஓரம் அலை அலையாக நெளியும். ஊசி முனையை நகத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். கீறினால் தூக்கிப் போடுங்கள். அந்த ஊசி துணியின் இழையை அறுத்துவிடும், துவைத்த பிறகுதான் ஓட்டை தெரியும், பீஸ் திரும்பி வரும்.

போன் வரும்: "அண்ணா, ஐந்நூறு பீஸ் பேபி செட்டுதானுங்க, நாளன்னைக்குக் குடுத்தாப் போதுமுங்க." முறிக்காமல் இப்படிச் சொல்லலாம்: "பங்குனி முடியற வரைக்கும் நம்மகிட்ட ரவுண்ட் நெக் மட்டும்தானுங்க ஓடுது. அதுல ஏதாச்சும் இருந்தா மொதல்ல நமக்குக் குடுங்க." பேபி செட் தைக்கிற பக்கத்து யூனிட்டைக் காட்டிவிட்டால் உறவும் கெடாது. நைட்டி ஸ்டாக்கை வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்.

90 நாளுக்குள் தீபாவளி வரக்கூடாது. ஊருக்குப் போகிற ஆள் திரும்பிவர நாளாகும், கணக்கு குலையும். பொங்கல் லீவு முடிந்து எல்லா மெஷினுக்கும் ஆள் வந்ததும் ஆரம்பித்தால் தை, மாசி, பங்குனி தொடர்ச்சியாகக் கிடைக்கும். செக்கிங் டேபிளுக்கு மேலே கரும்பலகை வைத்து மணிக்கு மணி பீஸ் எண்ணிக்கை எழுதச் சொல்லுங்கள். ரீஒர்க் (திருத்தித் தைக்க வேண்டிய பீஸ்) எண்ணிக்கை அதில் தனியாக வரட்டும்.

450 நிலையாக வந்தபின் வி-நெக் சேர்க்கலாம். போலோ இப்போது வேண்டாம். பிளாக்கெட்டுக்கும் (முன்பக்கப் பட்டன் பட்டி) காலருக்கும் சிங்கர் (ஒற்றை ஊசி) மெஷினும் அதில் கை பழகிய டெய்லரும் தனியாக வேண்டும், அது வேறு லைன்.