கவச உடையைப் போடுவதைவிடக் கழற்றுவதுதான் ஆபத்து என்று மருத்துவர்கள் சொல்வது ஏன்?

போடும்போது உடை சுத்தமாக இருக்கும், ஆளும் தெளிவாக இருப்பார். கழற்றும்போது இரண்டுமே தலைகீழ். கோவிட் வார்டில் பல மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், கழிப்பறைக்கும் போகாமல், வியர்வையில் ஊறி வெளியே வருபவருக்கு எல்லாவற்றையும் பிய்த்து எறியத்தான் தோன்றும். அந்த அவசரத்தில் கிருமி ஒட்டிய வெளிப்பக்கம் கையிலோ முகத்திலோ பட்டுவிடும்.

அதனால்தான் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். பரவலான முறையில் முதலில் கையுறை. அப்புறம் கண்ணாடி, அதையும் தலைக்குப் பின்னால் இருக்கும் பட்டையைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். பிறகு அங்கியை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக் கழற்றுவார்கள். என்95 முகக்கவசம் கடைசி, அதுவும் நோயாளியின் அறையைவிட்டு வெளியே வந்த பிறகு. அதன் முன்பக்கத்தைத் தொடவே கூடாது. இடையிடையே கையைச் சுத்தம் செய்ய வேண்டும். இந்த வரிசை மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும்.

நன்றாக நடத்தப்படும் இடங்களில் இன்னொருவர் எதிரே நின்று ஒவ்வொரு படியையும் கவனித்துச் சொல்வார். என்னைக் கேட்டால், விலை உயர்ந்த உடையைவிட அந்த ஆள்தான் முக்கியம். 2014 எபோலா பரவலின்போதே அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதற்கெனப் பயிற்சி பெற்ற ஒருவரை நிறுத்தும்படி வலியுறுத்தியது.