கேமராவுக்குச் சொன்ன பொய், போனுக்கு வந்த வினை

கேள்வி: சார், கோவையில் வேலை பார்க்கிறேன். சலுகை பார்த்து வாங்குவது எனக்குப் பழக்கம். ஆனி மாதக் கடைசியில் ஜவுளிக் கடையில் எடுத்த சட்டைகளை, ஆடித் தள்ளுபடி ஆரம்பித்ததும் பில்லோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அதே சட்டைகளைக் குறைந்த விலைக்கு எடுத்தேன். ஆன்லைனில் 'மூவாயிரத்துக்கு மேல் வாங்கினால் 30 சதவீதம் தள்ளுபடி' என்றால் ஐந்து பொருள் போட்டு, வந்ததும் மூன்றைத் திருப்பிவிடுவேன். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு 38,000 ரூபாயில் கேமரா வாங்கி, விசேஷம் முடிந்ததும் திருப்பினேன். 'பிடிக்கவில்லை' என்றால் பணம் வராது, 'வேலை செய்யவில்லை' என்றால்தான் வரும் என்பதால் அதை அழுத்தினேன், பணமும் வந்தது. போன மாதம் அதே தளத்தில் 23,499 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கினேன். நாலாவது நாளே திரையில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு. திருப்பப் பார்த்தால், 'உங்கள் கணக்கில் ரிட்டர்ன்கள் அளவுக்கு மீறி உள்ளன' என்று கணக்கையே முடக்கிவிட்டார்கள். கிஃப்ட் கார்டு பணம் 2,150 ரூபாயும் உள்ளே மாட்டிக்கொண்டது. வழக்குப் போடலாமா? அக்கா வீட்டுக்காரர், 'நீ செய்தது திருட்டு, கோர்ட்டுக்குப் போனால் உன்னைத்தான் பிடிப்பார்கள்' என்கிறார். நான் செய்தது அவ்வளவு பெரிய தப்பா? மனைவி பேரில் கணக்கு திறந்து வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: தம்பி, போன் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, கேமரா விஷயத்தில் இல்லை. நடுவில் புலி வருது கதை வேறு நடந்திருக்கிறது. நிஜப் புலி வந்தபோது யாரும் நம்பவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிற பாதிப் பேருக்கு இதில் குழப்பம். ஐரோப்பிய நாடுகளில் ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருள்களை, ஒரு காரணமும் சொல்லாமல், 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்ல சட்டமே உரிமை கொடுக்கிறது. நம் நாட்டில் கடையிலோ ஆன்லைனிலோ வாங்கியதற்கு அப்படிப் பொதுவான உரிமை கிடையாது. நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்று திருப்ப முடிவதெல்லாம் கடைக்காரர் தானாக முன்வந்து கொடுத்த வாக்கு, அவ்வளவுதான். அந்த வாக்குக்கு என்ன நிபந்தனை போட்டாரோ அதுதான் ஒப்பந்தம். ஆனால் பொருளில் குறை இருந்தால் கதை வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-இன்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் ஒன்றும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பார்களே, குறையுள்ள பொருளிடம் அந்த வரி செல்லாது. ஆன்லைன் வணிகத்துக்கு 2020-இல் வந்த விதிகளும் இதையேதான் சொல்கின்றன: குறையுள்ள பொருள், போலிப் பொருள், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருள், இவற்றைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக்கூடாது.

இதில் எங்கேயும் 'இதற்கு முன் எத்தனை தடவை திருப்பினார்' என்ற கேள்வியே இல்லை. உங்கள் ரிட்டர்ன் கணக்கு எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், பச்சைக் கோடு விழுந்த போன் குறையுள்ள போன்தான். கணக்கை முடக்குவது அவர்கள் இஷ்டம், யாருக்கு விற்பது என்று முடிவு செய்ய ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஏறக்குறைய முழுச் சுதந்திரம் உண்டு, நீங்கள் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' தட்டிய நிபந்தனைகளிலும் அது எழுதியிருக்கும். ஆனால் இனிமேல் விற்க மாட்டேன் என்பது வேறு, ஏற்கெனவே விற்றதற்குப் பொறுப்பில்லை என்பது வேறு. கிஃப்ட் கார்டு பணமும் அப்படித்தான், அது உங்கள் காசு, கதவைச் சாத்தினால் உள்ளே இருக்கும் உங்கள் பையைக் கொடுத்துவிட்டுத்தான் சாத்த வேண்டும் என்று நான் வாதாடுவேன்.

சரி, தப்பா என்று கேட்டீர்களே. ஆடித் தள்ளுபடி சட்டையில் எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை. பில் இருந்தது, மாற்றித் தரும் நாள் முடியவில்லை, சட்டை உடுத்தவில்லை, கடைக்காரர் கண்ணால் பார்த்து வாங்கிக்கொண்டார். அவர் 'முடியாது' என்று சொல்லியிருந்தாலும் நீங்கள் ஒன்றும் செய்திருக்க முடியாது, சொல்லவில்லை என்றால் வாடிக்கையாளரை இழக்க மனசில்லை என்று அர்த்தம். ஐந்து பொருள் போட்டு மூன்றைத் திருப்பும் வித்தையில் எனக்குக் கொஞ்சம் உறுத்தல் உண்டு, ஆனால் பொய் இல்லை. மீதியிருப்பது மூவாயிரத்துக்குக் கீழே போனால் தள்ளுபடியைக் கழித்துக்கொண்டு ரீஃபண்ட் தருவோம் என்று பல தளங்களில் நிபந்தனையே இருக்கிறது. அதை எழுதாமல் விட்டவர்களிடம் நீங்கள் ஓட்டையைப் பயன்படுத்தினீர்கள், விதியை மீறவில்லை.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். திருப்பூரில் பனியன், டி-ஷர்ட் தைத்து இந்தத் தளங்களில் விற்கிற ஒருவர் எனக்குக் கட்சிக்காரர். திரும்பி வரும் சரக்குக்குப் போகவர கூரியர் செலவு அவர் கணக்கில்தான் கழிகிறது, கசங்கி வந்ததை மறுபடி இஸ்திரி போட்டு, புது கவர் போட்டு, சிலதை விற்கவே முடியாமல் கழித்துவிடுகிறார். 'பெரிய கம்பெனிக்கு இதெல்லாம் ஒரு காசா' என்று நினைத்துத்தான் எல்லாரும் திருப்புகிறோம், பெட்டி போய் நிற்பதோ இந்த மனுஷன் வாசலில்.

கேமரா அப்படியில்லை. அங்கே உங்கள் அக்கா வீட்டுக்காரர் சொன்னது வார்த்தையில்தான் பிசகு, விஷயத்தில் பிசகில்லை. அது திருட்டு அல்ல, சட்டத்தில் அதற்குப் பக்கத்தில் இருப்பது ஏமாற்றுதல். நன்றாக வேலை செய்த கேமராவை 'வேலை செய்யவில்லை' என்று சொன்னீர்கள், அந்தப் பொய்யை நம்பித்தான் 38,000 ரூபாய் உங்கள் கைக்கு வந்தது. பொய் சொல்லி ஒருவரை நம்பவைத்து, நேர்மையற்ற முறையில் பணமோ பொருளோ பெறுவதற்கு பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318(4)-இல் ஏழு ஆண்டு வரை தண்டனை இருக்கிறது. பழைய 420 என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். உடனே பயந்துவிட வேண்டாம், ஒரே ஒரு கேமராவுக்காக நிறுவனம் போலீசுக்குப் போவது அபூர்வம், புதுப் பெட்டியில் பழைய போனை வைத்து அனுப்புகிறவர்கள் மீதுதான் வழக்குகள் பதிவாகின்றன. ஆனால் வாடகை கொடுக்காமல் மூன்று நாள் கேமராவை வாடகைக்கு எடுத்தேன் என்று மட்டும் இதைச் சுருக்கிவிடாதீர்கள். வாடகை கேமரா எடுத்தவர் வாடகைக் கடைக்காரரிடம் பொய் சொல்வதில்லை.

அமெரிக்காவில் எல்.எல்.பீன் என்றொரு கடை. எப்போது வேண்டுமானாலும், எத்தனை வருஷம் கழித்தும் திருப்பலாம் என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாக்குக் கொடுத்து நடந்தவர்கள். வீட்டு வாசல் பழைய சாமான் விற்பனையில் வாங்கிய தேய்ந்த பூட்ஸை எல்லாம் கொண்டுவந்து ஆட்கள் புதுசு கேட்க ஆரம்பித்தார்கள். 2018 பிப்ரவரியில் ஒரு வருஷம், அதுவும் பில்லோடு என்று சுருக்கிவிட்டார்கள். இங்கேயும் பல பொருள்களுக்கு 'ரிட்டர்ன் இல்லை, ரீப்ளேஸ்மென்ட் மட்டும்' என்று போடுகிறார்கள், அதைப் பார்க்கும்போது உங்கள் கேமராவும் ஞாபகத்துக்கு வரட்டும்.

இனி வேலையைப் பார்ப்போம். போன் உங்களிடமே இருக்கிறது என்பது பெரிய அதிர்ஷ்டம். நாளைக்கே அந்த பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பழுது பார்க்கக் கொடுக்க வேண்டாம், பரிசோதித்து 'திரையில் கோடு, வெளியிலிருந்து அடிபட்ட அடையாளமோ தண்ணீர் பட்ட அடையாளமோ இல்லை' என்று தேதி போட்ட ஜாப் ஷீட் மட்டும் கேளுங்கள். உங்கள் வாய்ச்சொல்லுக்கு அந்தத் தளத்தில் மதிப்பு போய்விட்டது, இந்தக் காகிதம்தான் இனி உங்களுக்காகப் பேசும். இன்னொன்று, உற்பத்தியாளர் கொடுத்த வாரன்டிக்கும் முடங்கிய கணக்குக்கும் சம்பந்தமில்லை, பில் இருந்தால் அது அப்படியே இருக்கிறது. திரையை இலவசமாக மாற்றித் தந்தால் போதும் என்று தோன்றினால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம், நானாக இருந்தால் அதைத்தான் முதலில் யோசிப்பேன்.

பணம்தான் வேண்டும் என்றால், ஜாப் ஷீட்டையும் பில்லையும் இணைத்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்தது என்று ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், அதே 2020 விதிகள்தான். கிஃப்ட் கார்டு பணத்தையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். கூடவே 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், பல நிறுவனங்கள் அங்கேயே இறங்கி வந்துவிடுகின்றன. நகரவில்லை என்றால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், பெங்களூருக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். தளம், விற்பனையாளர், போன் கம்பெனி மூவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்ற இருவரும் அவர்மேல் பழியைப் போடுவார்கள்.

அங்கே எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் ரிட்டர்ன் பட்டியலைக் கண்டிப்பாகத் தாக்கல் செய்வார், அதில் கேமரா முதல் வரியில் இருக்கும். நீங்களாக மனுவில் அதை எழுத வேண்டியதில்லை, வழக்கு போனைப் பற்றியது. ஆனால் 'நான் எப்போதும் உண்மையான காரணத்துக்காகத்தான் திருப்பினேன்' என்று பிரமாணப் பத்திரத்தில் ஒரு வரிகூட வந்துவிடக் கூடாது. மனுவை யார் தட்டச்சு செய்தாலும் கையெழுத்துக்கு முன் நீங்களே படித்துப் பாருங்கள், தட்டச்சு செய்கிறவர்கள் இந்த மாதிரி அலங்கார வரிகளைத் தாமாகச் சேர்ப்பார்கள். குறுக்கு விசாரணை வந்தால் கேமரா கேள்விகளுக்கு என்ன பதில் சொல்வது என்பதை உங்கள் வக்கீலிடம் முன்கூட்டியே, ஒன்றும் மறைக்காமல், உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

மனைவி பேரில் கணக்கு திறப்பது குற்றமில்லை, அவருக்குத் தேவையானதை அவர் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் அதே முகவரி, அதே கார்டு என்றால் அந்தக் கணக்கும் சீக்கிரம் முடங்க வாய்ப்பு அதிகம், அதுவும் உங்கள் வழக்கு நடக்கிற நேரத்தில் முடங்கினால் எதிர்த்தரப்புக்குப் பேச இன்னொரு விஷயம் கிடைக்கும். போன் விவகாரம் முடியும்வரை தேவையானதைக் காந்திபுரம் பக்கம் போய் நேரில் பார்த்து வாங்குங்கள், பில் மறக்காமல்.