கீசரின் செம்புக் குழாய் சொட்டினால் தகரக் கூரை ஏன் அரிக்கிறது?

கேள்வி: டர்பனில், கடலோர ப்ளஃப் பக்கம் வீடு. கீசரின் செம்பு வடிகுழாய் தகரக் கூரைமேல் சொட்டுகிறது. அந்த இடத்தில் மட்டும் துரு. செம்பு வினைத்திறன் குறைந்த உலோகம்தானே, அது எப்படித் தகரத்தை அரிக்கும்?

குறைந்தது என்பதால்தான் அரிக்கிறது. கடற்காற்று மட்டுமே காரணமென்றால் கூரை முழுக்கத் துரு பரவியிருக்கும்.

தகரக் கூரை என்பது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. தனிம அட்டவணையில் செம்பு 29, துத்தநாகம் 30. அடுத்தடுத்த வீடு, குணம் மட்டும் நேர் எதிர். எலக்ட்ரானை வாங்கும் நாட்டத்தைக் காட்டும் நியம மின்முனை அழுத்தம் செம்புக்கு +0.34 வோல்ட், துத்தநாகத்துக்கு −0.76. அதாவது எலக்ட்ரானைச் செம்பு வாங்கும், துத்தநாகம் கொடுக்கும். காரணம், செம்பு அணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. உருகுநிலையே 1085 டிகிரி, துத்தநாகத்துக்கு வெறும் 420. போதாததற்கு, செம்பிலிருந்து இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்கவும் அதிக ஆற்றல் வேண்டும்.

குழாயில் தங்கும் வெந்நீர் துளியளவு செம்பைக் கரைத்து வருகிறது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட வேண்டியதில்லை, சொட்டிச் சொட்டிக் காயும்போது செறிந்துவிடும். கரைந்த செம்பு அயனி, அதாவது எலக்ட்ரான் இழந்த செம்பு அணு, துத்தநாகத்திடம் இரண்டு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு உலோகமாகப் படியும். துத்தநாகம் கரைந்து போகும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. படிந்த செம்புப் புள்ளியும் சுற்றியுள்ள துத்தநாகமும் உப்பு ஈரத்தில் ஒரு குட்டி மின்கலமாகி, அரிப்பு தொடரும். இசட்275 என்ற தரத் தகட்டில் துத்தநாகப் பூச்சு ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான்தான். அது தீர்ந்தால் அடுத்தது இரும்பு.

குழாயை அடைக்கவே கூடாது, அது பாதுகாப்பு வால்வின் வடிகால். பிவிசி குழாயும் வேண்டாம், கொதிநீரில் இளகிவிடும். செம்புக் குழாயையே நீட்டி, கூரை விளிம்பின் தகர மழைநீர்க் கால்வாயையும் தாண்டித் தரைவரை இறக்குங்கள். கூரையைத் தொடும் இடங்களில் ரப்பர் வைத்துப் பிடியுங்கள். குழாய்க்கு வெளியே பெயின்ட் அடிப்பது வீண், செம்பு வருவது உள்ளிருந்து. தண்ணீர் சூடாகும்போது கொஞ்சம் சொட்டுவது இயல்பு. நாள் முழுக்கச் சொட்டினால் ப்ளம்பரிடம் வால்வைக் காட்டுங்கள்.

பிறகு துருவை ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேயுங்கள். பித்தளை பிரஷ் வேண்டவே வேண்டாம், அதிலும் செம்பு இருக்கிறது. நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் துத்தநாகம் நிறைந்த ப்ரைமர் இரண்டு பூச்சு. ஓட்டை விழுந்திருந்தால் தகட்டையே மாற்ற வேண்டும். அலுமினியம்-துத்தநாகப் பூச்சுத் தகடு போட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், செம்புத் தண்ணீர் அதையும் அரிக்கும். நேர்மாறாக, தகரக் கூரைத் தண்ணீர் செம்பு மழைநீர்க் கால்வாயில் விழுந்தால் மட்டும் ஒரு கெடுதலும் இல்லை.